கட்டுப்படுத்தும் காரணிகள் (கொல்லிமலை)

கட்டுப்படுத்தும் காரணி என்பது ஒரு சூழல் மண்டலத்தில் வாழும் ஓர் உயிரினத்தின் எண்ணிக்கைக்கோ, வளர்ச்சிக்கோ, பரவலுக்கோ எல்லை வகுக்கும் சூழற்கூறு ஆகும். நீர், ஒளி, வெப்பநிலை, மண்ணிலுள்ள ஊட்டங்கள், இடம், உணவு, நோய், கொன்றுண்ணிகள், மனிதரின் அறுவடை என எதுவும் இவ்வாறு எல்லை வகுக்கலாம். ஓரிடத்தில் வாழும் ஒரே இனத்தைச் சேர்ந்த உயிர்கள் அனைத்தும் சேர்ந்து உயிர்த்தொகை எனப்படுகின்றன. தேவையான மற்றவை எல்லாம் நிறைவாக இருந்தாலும், குறைவாக உள்ள ஒன்றே உயிர்த்தொகையின் அளவைத் தீர்மானித்து விடுகின்றது என்பது இக்கருத்தின் சாரம்.

தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக அமைந்துள்ள கொல்லிமலை இக்கருத்தை விளக்குவதற்கு ஏற்ற இடமாகும். சுற்றிலும் வறண்ட சமவெளி சூழ, தனித்து எழுந்து நிற்கும் இம்மலையின் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். காடு, பாறைச்சரிவு, ஓடை, நெல்வயல், சாமைக்காடு, மரவள்ளித் தோட்டம், காப்பித் தோட்டம் ஆகியவை ஒன்றையொன்று ஒட்டியே காணப்படுகின்றன. அதனால் ஓரிடத்தில் ஓர் உயிரினத்தைத் தடுத்து நிறுத்தும் காரணி, சில நூறு மீட்டர் தள்ளி வேறொன்றாக மாறிவிடுவதை இங்கே காணலாம்.

கருத்தின் வரலாறு

செருமானிய வேளாண் அறிஞர் கார்ல் இசுப்பிரெங்கல் 1828 ஆம் ஆண்டளவில் பயிர் வளர்ச்சி பற்றி எழுதியபோது, மிகக் குறைவாகக் கிடைக்கும் ஊட்டமே விளைச்சலைத் தீர்மானிக்கின்றது என்றார். இதனைப் பரவலாக அறியச் செய்தவர் யுசுடசு வான் லீபிக் என்னும் வேதியியலாளர் ஆவார். 1840 இல் வெளிவந்த அவரது வேளாண் வேதியியல் நூலுக்குப் பின் இது லீபிக்கின் குறைம விதி என்றே வழங்கலாயிற்று. இசுப்பிரெங்கலின் பெயர் நெடுங்காலம் மறக்கப்பட்டுப் பின்னரே மீட்கப்பட்டது. உயரம் வேறுபட்ட பலகைகளாலான பீப்பாயில், மிகக் குட்டையான பலகையின் உயரத்துக்கு மேல் நீர் நிற்காது என்னும் படம் இவ்விதியை விளக்கப் பாடநூல்களில் தரப்படுகின்றது.

பிளாக்மன் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1905 இல் இக்கருத்தை ஒளிச்சேர்க்கைக்கு விரிவுபடுத்தினார். 1910களில் அமெரிக்க விலங்கியலாளர் விக்டர் செல்போர்டு, குறைவு மட்டுமன்றி மிகுதியும் எல்லையாகும் என்று காட்டினார். நீர் இல்லாவிட்டாலும் பயிர் சாகும். வேரில் நீர் தேங்கினாலும் சாகும். இது செல்போர்டின் தாங்குதிறன் விதி எனப்படுகின்றது.

உயிர்த்தொகையின் பெருக்கம் பற்றிய சிந்தனை தனி வழியில் வளர்ந்தது. 1798 இல் தாமசு மால்தசு மக்கள்தொகை பற்றி எழுதினார். 1838 இல் பெல்சிய நாட்டுக் கணிதவியலாளர் வெர்கல்சுட்டு, பெருக்கம் முதலில் விரைந்து பின்னர் தளர்ந்து ஓர் உச்சத்தில் நிலைபெறும் வளைகோட்டை வகுத்தார். அந்த உச்சம் இன்று சூழலின் தாங்கு திறன் என்று குறிப்பிடப்படுகின்றது.

காரணிகள் இருவகையாகப் பிரிக்கப்படுவது வழக்கம். கூட்டம் பெருகப் பெருக அழுத்தமும் பெருகுவது அடர்த்தி சார்ந்த காரணி; உணவுப் போட்டியும் தொற்றுநோயும் இவ்வகையின. கூட்டம் பெரிதோ சிறிதோ, ஒரேயளவு தாக்குவது அடர்த்தி சாராத காரணி. பெருமழையும் காட்டுத்தீயும் இவ்வகையின. நடைமுறையில் இப்பிரிவு அவ்வளவு தெளிவானதன்று. வறட்சி எல்லோருக்கும் பொதுவானதே எனினும், வற்றாத ஓர் ஊற்றைச் சுற்றிப் பத்து விலங்குகள் நிற்கின்றனவா நூறு விலங்குகள் நிற்கின்றனவா என்பதைப் பொறுத்தே இறப்பு அமைகின்றது.

நீரும் பருவமும்

கொல்லிமலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக்காற்றுகளாலும் மழை கிடைக்கின்றது. ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. ஓராண்டின் மொத்த மழையளவைக் காட்டிலும் இவ்வறண்ட மாதங்களின் நீளமே இங்குள்ள பல உயிரினங்களுக்கு எல்லையாகின்றது. ஓடைக்கரைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பசுமை மாறாக் காட்டு மரங்கள் நெருங்கி நிற்க, அதே உயரத்தில் வெயில்படும் சரிவுகளில் இலையுதிர் மரங்களும் முட்புதர்களுமே காணப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். மழை இரண்டிடத்திலும் ஒன்றே. மண்ணில் தங்கும் நீர்தான் வேறு.

காப்பிச் செடியிடம் மழையின் நேரம் இன்னும் நுட்பமாக வேலை செய்கின்றது. வறண்ட மாதங்களில் உருவாகும் அரும்புகள் உறங்கியே இருக்கும். கோடையின் தொடக்கத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் எல்லாம் ஒருசேரப் பூக்கும். அம்மழை தவறினாலோ, அரைகுறையாகத் தூறிச் சென்றாலோ பூ உருக்குலைந்து காய் பிடிக்காது. பூவுக்குப் பின் சில வாரங்களில் இன்னொரு மழையும் வேண்டும். ஆண்டு முழுவதும் பெய்த மழை கணக்கில் நிறைவாக இருந்தும் விளைச்சல் பொய்த்துப்போவது இதனால்தான்.

மழை மிகுதியாவதும் எல்லையே. காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களில் படரவிடப்படும் மிளகுக் கொடியை, ஈரம் நீடிக்கும் பருவத்தில் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் தாக்கி விரைவில் வாடச் செய்கின்றது. வேரடியில் நீர் தேங்கும் இடங்களிலேயே இச்சேதம் மிகுதி.

கிழக்கு நோக்கி ஓடும் ஐயாற்றின் கரையில் வளப்பூர் நாட்டு அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. அங்குள்ள ஓடை மீன்களை இறைவனின் வடிவமாகக் கருதும் நம்பிக்கை தொன்று தொட்டு இருந்து வருகின்றது. மக்கள் அவற்றைப் பிடிப்பதில்லை, உணவிடுவர். சூழலியல் நோக்கில், மீன்பிடிப்பு என்னும் எல்லை அந்தச் சிறு நீர்ப்பகுதியில் நீக்கப்பட்டுள்ளது. ஆயினும் மீன்கள் வரம்பின்றிப் பெருகிவிடவில்லை. கோடையில் சுருங்கும் நீரும் அதில் கரைந்துள்ள உயிர்வளியும் அடுத்த எல்லையாக வந்து நிற்கின்றன. ஒரு காரணி விலகினால் அதற்கடுத்த குறைந்த காரணி அவ்விடத்தைப் பிடிக்கும் என்பது இத்துறையின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று.

மண்

இம்மலையின் உச்சிப்பகுதிகளில் பாக்சைட்டுப் படிவுகள் உள்ளன. அலுமினியத் தொழிலுக்காக அவை வெட்டியும் எடுக்கப்பட்டன. பாக்சைட்டு இருப்பது மண்ணின் வரலாற்றையும் சொல்கின்றது. நெடுங்கால மழையால் கரையக்கூடிய ஊட்டங்கள் கழுவிச் செல்லப்பட்டு, இரும்பும் அலுமினியமும் எஞ்சிய நிலமே பாக்சைட்டு நிலம். இத்தகைய செம்மண்ணில் பாசுபரசு இருந்தாலும், இரும்பு, அலுமினியச் சேர்மங்கள் அதனைப் பிணைத்துக்கொள்வதால் வேருக்கு எட்டுவதில்லை. எனவே ஓர் ஊட்டம் மண்ணில் எவ்வளவு இருக்கின்றது என்பதும் அது பயிருக்கு எவ்வளவு கிடைக்கின்றது என்பதும் வேறுவேறு.

சரிவில் ஆழமற்ற மண், பள்ளத்தாக்கில் ஊற்றுநீருடன் கூடிய வண்டல் என நிலம் மாறுவதற்கேற்ப மலைவாழ் மக்கள் பயிரையும் மாற்றி வந்துள்ளனர். பள்ளத்தில் நெல், மேட்டில் கேழ்வரகு, சாமை, தினை, பனிவரகு. சாமை மெலிந்த மண்ணிலும் குறைந்த நீரிலும் விளையக்கூடியது. வேறு பயிர்களுக்கு எல்லையாக அமைந்த நிலம் அதற்கு எல்லையாக அமையவில்லை.

பரப்பும் தனிமையும்

புறநானூற்றின் 152 ஆம் பாடல், கொல்லிமலையின் தலைவனாகிய வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவியதாகப் பாடுகின்றது. வில்லாற்றலைப் புகழும் பாடலாயினும், அக்காலத்தில் புலவர் இம்மலையோடு இயல்பாகப் பொருத்திப் பார்த்த விலங்குகளின் வரிசை அது என்று கொள்வதில் தவறில்லை. இன்று கொல்லிமலையில் யானைக் கூட்டமோ புலியோ நிலைத்து வாழ்வதில்லை.

வேட்டையும் காடழிப்பும் இதில் பங்கு பெற்றிருக்கும். ஆனால் பரப்பே தனியொரு காரணியாகும். ஓர் ஆண்புலிக்குப் பல பத்துச் சதுர கிலோமீட்டர் வாழிடம் வேண்டும். யானைக் கூட்டம் ஓராண்டில் சுற்றிவரும் நிலம் சில நூறு சதுர கிலோமீட்டர். நான்கு புறமும் வயலும் ஊரும் சூழ்ந்துவிட்ட 280 சதுர கிலோமீட்டர் மலை, பெரிய விலங்குகளைப் பொறுத்தவரை ஒரு தீவு. தீவில் ஓரினம் ஒருமுறை அற்றுப்போனால் வெளியிலிருந்து வந்து சேர்வது அரிது. உடும்புக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வாழிடத்தின் தன்மையும் இவ்வாறே எல்லையாகலாம். தென்னிந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே காணப்படும் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்னும் பறவை, புதர் மண்டிய பாறைச்சரிவுகளையே நாடுகின்றது. கல் உடைக்கப்பட்டுப் பாறைக்குன்று இல்லாமற்போனால், அருகில் எவ்வளவு காடு இருந்தாலும் அதற்குப் பயனில்லை.

காய்ச்சல்

மனித உயிர்த்தொகையும் இதே விதிகளுக்கு உட்பட்டிருந்தது. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் கொல்லிமலை காய்ச்சலுக்குப் பெயர்போன மலையாகக் கருதப்பட்டது. உயரத்திலும் குளிர்ச்சியிலும் குறைவில்லாதபோதும், அருகிலுள்ள சேர்வராயன் மலையில் ஏற்காடு வளர்ந்ததைப் போன்ற கோடைவாழிடம் இங்கே உருவாகாமற்போனதற்கு மலேரியா ஒரு முக்கியக் காரணமாகும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசு கொசுக்களுள் சில, தேங்கிய சாக்கடையில் அல்லாது தெளிந்த மலையோடைகளின் ஓரங்களிலேயே முட்டையிடுகின்றன. மக்களுக்கு வாழ்வளித்த ஓடையே அவர்களின் எண்ணிக்கைக்கு எல்லையாகவும் இருந்தது.

விடுதலைக்குப்பின், 1953 இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் நாடெங்கும் டிடிடி தெளிக்கப்பட்டது. மலேரியாவின் பிடி தளர்ந்தது. சாலையும் மருத்துவமும் வந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மலையில் ஏறத்தாழ 40,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயர் ஒத்திருப்பினும் கேரளத்து மக்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே இப்பெயரின் பொருளாகச் சொல்லப்படுகின்றது. காய்ச்சல் என்னும் எல்லை நீங்கியபின் நிலமும் வருவாயுமே இங்கு வாழ்வோரின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் காரணிகளாயின. சமவெளிக்கு வேலை தேடி இறங்குவதும் அதன் விளைவுகளுள் ஒன்று.

மரவள்ளியும் மாவுப்பூச்சியும்

1970கள் தொடங்கி, சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சவ்வரிசி ஆலைகளின் தேவைக்காக மரவள்ளி கொல்லிமலையின் சரிவுகளில் பரவியது. பல வகைப் பயிர்கள் கலந்திருந்த நிலத்தில் ஒரே பயிர் தொடர்ந்து நிற்பது, அப்பயிரை உண்ணும் பூச்சிக்கு உணவு என்னும் எல்லையை நீக்கிவிடுகின்றது. அதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2020 இல் கேரளத்தின் திருச்சூரில் கண்டறியப்பட்டது. விரைவில் தமிழ்நாட்டின் மரவள்ளி மாவட்டங்களான சேலம், நாமக்கல், தருமபுரி முதலியவற்றுக்கும் பரவியது. இப்பூச்சியில் பெண்கள் மட்டுமே உள்ளன. ஆணின்றியே ஒவ்வொன்றும் சில நூறு முட்டைகளை இடுகின்றது. தாக்கப்பட்ட செடியின் நுனி குறுகி, இலைகள் முடிச்சுப்போல் திரண்டு, கிழங்கு சிறுத்துப்போகும். வறண்ட மாதங்களில் இது பெருகும்; கனத்த மழை பெருமளவு கழுவிச் செல்லும். ஆனால் மழை ஓய்ந்ததும் எஞ்சிய சிலவற்றிலிருந்து மீண்டும் பெருகிவிடும். மழை அடர்த்தி சாராத காரணி என்பதால் பூச்சியை அதனால் நிலையாகத் தளைக்க இயலவில்லை.

இதே பூச்சி 1970களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவை அடைந்து, சில இடங்களில் 80 விழுக்காடு வரை விளைச்சலை அழித்தது. மரவள்ளியே முதன்மை உணவாக இருந்த நாடுகளில் அது பஞ்சத்தை நெருங்கிய நிலை. பூச்சியின் தாயகத்தில் அதனை அடக்கிவைத்த எதிரியைத் தேடியபோது, 1981 இல் பராகுவேயில் அனாகைரசு லோபேசி என்னும் மிகச்சிறிய குளவி கண்டறியப்பட்டது. அவ்வாண்டிலேயே அது நைசீரியாவில் விடப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலங்களில் பெரும்பகுதிக்குப் பரவிப் பூச்சியைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இப்பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்து அறிவியலாளர் ஆன்சு கெர்ரனுக்கு 1995 இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

பெண்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி மிகுந்தால் குளவிக்கு எளிதில் இரை கிடைக்கும், குளவி பெருகும். பூச்சி அருகினால் குளவியும் குறையும். இரண்டும் தாழ்ந்த அளவில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிலைபெறுகின்றன. மழையால் முடியாதது இதனால் முடிந்ததற்கு அடர்த்தி சார்ந்து இயங்கும் இப்பண்பே காரணம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய வழியுமன்று. 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகியவற்றைச் சூறையாடியபோது, 2010 இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகசு பப்பாயே முதலிய குளவிகளே அதனை அடக்கின. மரவள்ளி மாவுப்பூச்சிக்காக, பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் 2021 இல் பெனின் நாட்டிலிருந்து அனாகைரசு லோபேசியைத் தருவித்தது. தனிமைப்படுத்தி ஆய்ந்தபின், 2022 மார்ச்சு மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

இங்கு உழவர் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. மெழுகுப் பூச்சுடைய மாவுப்பூச்சியைப் பூச்சிக்கொல்லி அரைகுறையாகவே தாக்குகின்றது; குளவியையோ எளிதில் கொன்றுவிடுகின்றது. குளவி விடப்பட்ட வயலில் மருந்து தெளிப்பது, பூச்சிக்கு இருந்த எல்லையைத் தம் கையாலேயே அகற்றுவதாகும்.

சாமை இரகங்களின் எல்லை

மரவள்ளி பரவியபோது ஒதுங்கியது சாமையும் பிற சிறுதானியங்களும் ஆகும். கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை எனப் பல நாட்டு இரகங்கள் இம்மலையில் பயிரிடப்பட்டு வந்தன. விளையும் காலம், தாங்கும் மண், சுவை ஆகியவற்றில் இவை வேறுபட்டவை. பயிரிடப்படும் இரகமும் ஓர் உயிர்த்தொகையே. ஆனால் அது தானாகப் பரவுவதில்லை. ஒவ்வோராண்டும் யாராவது விதைத்து, அறுத்து, விதையை எடுத்து வைத்தால்தான் உண்டு.

இவ்விரகங்களைக் குறுக்கியது மண்ணோ மழையோ அன்று. சாமையை அரிசியாக்குவது கடும் உழைப்பு. திருகையிலும் உரலிலும் இட்டு உமி நீக்கும் வேலை முழுவதும் பெண்கள்மேல் விழுந்தது. பொது வழங்கல் திட்டத்தில் நெல்லரிசி மலைக்கு வந்தபின், கிடைத்த நேரத்தைக் குத்துவதில் செலவிட வேண்டிய தேவை இல்லாமற்போயிற்று. மரவள்ளிக்கோ ஆலையில் விலை இருந்தது. மேலும் அது நிலத்தை ஏறத்தாழ ஓராண்டு பிடித்துக்கொள்வதால் சாமைக்கு இடமும் இல்லை. ஆக, இப்பயிரின் குறைந்த பலகை உமிநீக்கும் கைகளாக இருந்தது.

1990களிலிருந்து கொல்லிமலையில் பணியாற்றிவரும் எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சிகள் இதனை உறுதிப்படுத்துகின்றன. ஊர்தோறும் விதை வங்கிகள் அமைக்கப்பட்டதோடு, உமிநீக்கும் சிறு ஆலைகளும் மகளிர் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. மாவாகவும் கலவையாகவும் விற்கும் வழியும் காணப்பட்டது. விதையை மட்டும் காத்திருந்தால் அது தொம்பையிலேயே கிடந்து முளைப்புத்திறனை இழந்திருக்கும். 2023 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது சந்தைக்கு உதவியது எனினும், சந்தை கேட்பது பெரும்பாலும் சாமை அரிசியைத்தான். எந்த இரகத்துச் சாமை என்று அது கேட்பதில்லை. அதிகம் விளையும் ஓரிரு இரகங்கள் மட்டும் பெருகி மற்றவை அற்றுப்போகும் வாய்ப்பு அதனால் நீங்கிவிடவில்லை.

முடவாட்டுக்கால்

கொல்லிமலைக்கு வரும் பயணிகள் சாலையோரக் கடைகளில் தவறாது காண்பது முடவாட்டுக்கால் ஆகும். ஆட்டுக்காலைப் போல் பழுப்பு மயிர் போர்த்த இக்கிழங்கு, பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் ஒரு பெரணியின் தரைமட்டத் தண்டாகும். மூட்டுவலிக்கு நல்லது எனச் சூப்பாக வைத்துக் குடிப்பர். மண்ணே இல்லாத பாறையில் இப்பெரணி வாழ்வதற்கு ஓர் உத்தி உள்ளது. அதன் இலைகள் இருவகையின. நீண்ட பச்சை இலைகள் உணவு தயாரிக்கின்றன. அடியிலுள்ள குட்டையான பழுப்பு இலைகள் கூடுபோல் நின்று, விழும் சருகையும் தூசியையும் ஈரத்தையும் பிடித்துவைக்கின்றன. மண் என்னும் எல்லையை, தனக்கென்று மண்ணைச் சேர்த்துக்கொண்டு அது கடந்திருக்கின்றது.

அறுவடை என்னும் எல்லைக்கு அதனிடம் அத்தகைய உத்தி இல்லை. பலாவிலோ மிளகிலோ பறிக்கப்படுவது காய். மரமும் கொடியும் நிற்கும். முடவாட்டுக்காலில் எடுக்கப்படுவது செடியின் உடலே. வித்திகளிலிருந்து புதுச்செடி தோன்றிப் பாறையில் பற்றி விற்குமளவு கிழங்காவதற்கு ஆண்டுகள் ஆகும். தேவை உள்ளூர் அளவில் இருந்தவரை எடுத்ததும் வளர்ந்ததும் ஏறத்தாழ ஒத்திருந்தன. இன்று வாங்குவோர் மலைக்கு வெளியிலிருந்து வருகின்றனர். பாறையில் கிழங்கின் ஒரு பகுதியையும் சில இலைகளையும் விட்டு எடுத்தால் எஞ்சிய துண்டு மீண்டும் தழைக்கும். முழுவதும் பெயர்த்தெடுத்தால், அந்தப் பாறையில் சருகைப் பிடித்துவைக்க எதுவும் இராது.